எச்சரிக்கையைத் தாண்டிப் போனவர்கள்

1869-ஆம் ஆண்டு மடுல்சீமைத் தோட்டம் ஒன்றில் கோப்பி இலைகளின் அடிப்புறம் செம்மஞ்சள் பொடி படிந்திருந்தது. தடவினால் விரலில் ஒட்டும் பொடி. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளராக இருந்த ஜி.எச்.கே. த்வெயிட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பூஞ்சணங்களை ஆராய்ந்த எம்.ஜே. பெர்க்லி அதே வருடம் அந்த நோயை உண்டாக்கும் பூஞ்சணத்துக்கு ஹெமிலேயா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். இது வந்து போகும் இலைநோயல்ல, மருந்து கிடைப்பதும் அரிது என்று த்வெயிட்ஸ் சொல்லிப் பார்த்தார். தோட்டத் துரைமார் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதற்கு அவர்களிடம் காரணம் இருந்தது. அடுத்து வந்த பத்தாண்டில் உலகச் சந்தையில் கோப்பி விலை ஏறியபடி இருந்தது. மரம் பாதி காய்த்தாலும் கையில் வரும் பணம் குறையவில்லை. பழைய தோட்டம் இலை உதிர்த்தால் புதிதாகக் காடு வெட்டினால் போயிற்று. திம்புலையிலும் மஸ்கெலியாவிலும் கொத்மலைக்கு மேலே பூண்டுலோயாப் பள்ளத்தாக்கிலும் கோடரிச் சத்தம் ஓயாத காலம் அது. 1870-களின் இறுதியில் இலங்கையில் கோப்பி நின்ற நிலம் இரண்டரை லட்சம் ஏக்கரைத் தாண்டியிருந்தது. 1880-ல் வந்து சேர்ந்த ஹாரி மார்ஷல் வார்ட் இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்தார். காற்றில் பறக்கும் நோய்வித்துக்கு மலைக்கு மலை ஒரே பயிரை நட்டு வழி திறந்து வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் அவர் கண்டதன் சாரம். அதற்குள் வேளை தப்பிவிட்டது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்துவந்த ஒரியன்டல் வங்கி 1884-ல் கதவை மூடியது.

பூண்டுலோயாவுக்கு இந்தக் கதையில் ஒரு சின்ன இடம் உண்டு. எட்வர்ட் ஏர்னஸ்ட் கிரீன் என்ற துரை இங்கே தோட்டம் பார்த்துக்கொண்டே பூச்சி சேகரித்தார். இலைநோய்க்குத் தப்பிய கோப்பியையும் உறிஞ்சித் தீர்த்த பச்சைச் செதில்பூச்சியை 1889-ல் விவரித்துப் பெயரிட்டவர் அவர். பிறகு அரசாங்கப் பூச்சியியலாளர் ஆனார். பல செதில்பூச்சி இனங்கள் முதன்முதலில் கிடைத்த இடமாக இந்தச் சின்ன ஊரின் பெயர் இன்றும் உலகப் பூச்சியியல் நூல்களில் இருக்கிறது. பக்கத்திலிருக்கும் டன்சினன் தோட்டத்துக்குப் பெயர் கொடுத்தது ஒரு ஸ்கொட்லாந்துக் குன்று. ஷேக்ஸ்பியரின் மக்பெத், சூனியக்காரிகளின் வாக்கைத் தனக்கு வசதியாக அர்த்தப்படுத்திக்கொண்டு ஏமாந்து நின்ற குன்றும் அதுதான். பெயர் வைத்த துரைக்கு அந்த நாடகம் நினைவிருந்ததோ இல்லையோ, கோப்பிக்காரர்களுக்குப் பொருத்தமான பெயர்.

கணினித் திரையில் சிவப்பாக எழும் பாதுகாப்பு எச்சரிக்கையை ஏன் எல்லோரும் தட்டிவிட்டுப் போகிறார்கள் என்ற கேள்விக்கும் இந்தக் கோப்பிக் கதைக்கும் என்ன சம்பந்தம்? எச்சரிக்கையை அலட்சியம் செய்பவர் என்றதும் படிப்பில்லாதவர், விவரம் போதாதவர் என்று முடிவுகட்டுவது எளிது. மலைநாட்டுக்கு வந்த முதல் பெரிய எச்சரிக்கையைத் தள்ளிவிட்டவர்களோ நன்றாகப் படித்தவர்கள். அது அவர்களுடைய சொந்த மொழியில், அவர்கள் வாங்கும் பத்திரிகைகளிலேயே பேசப்பட்டது. அவர்கள் கணக்குப் போட்டுத்தான் தள்ளினார்கள். கணக்கு பிழைத்தது வேறு விஷயம்.

மைக்ரோசொப்ட் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கோர்மாக் ஹேர்லி 2009-ல் இதையேதான் கணினிக்காரர்களுக்கு எடுத்துச் சொன்னார். கடவுச்சொல்லை மாற்று, இணையமுகவரியை எழுத்தெழுத்தாகப் பார், தளத்தின் சான்றிதழ் சரியில்லை என்ற எச்சரிக்கை வந்தால் திரும்பிப் போ என்று பயனரிடம் சொல்கிறோம். ஒவ்வொன்றுக்கும் அவருடைய நேரம் செலவாகிறது. அந்தச் செலவைக் கூட்டிப் பார்த்தால், தவிர்க்கப்படும் நட்டத்தைவிட அது பெரிதாக இருக்கிறது. சான்றிதழ் எச்சரிக்கைகளில் ஏறக்குறைய எல்லாமே பொய் எச்சரிக்கை. உண்மையான திருடன் பிடிபடுவது அபூர்வம். ஆகவே அவற்றைப் புறக்கணிப்பவர் முட்டாளல்ல, நியாயமான முடிவெடுப்பவர் என்றார் ஹேர்லி. பாதுகாப்பு நிபுணர்கள் பலருக்கு அது கசந்தது.

துரைமாரின் கணக்கு ஒரு வகை என்றால், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருந்தவர்களின் அனுபவம் இன்னொரு வகை. அவர்களிடம் வந்த தாள்கள் எதுவும் அவர்களைக் காக்க எழுதப்பட்டவை அல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறியவர்களின் கழுத்தில் தகரத் துண்டு ஒன்று தொங்கியது. எந்த மாவட்டம், எந்தத் தோட்டம் என்பதைக் காட்டும் எழுத்தும் இலக்கமும் அதில் பொறித்திருக்கும். தான் எங்கே போகிறோம் என்பதைச் சுமந்துகொண்டு போனவருக்கே அதைப் படிக்கத் தெரியாது. வழியிலிருந்த அதிகாரிக்குத் தெரிந்தால் போதும். தோட்டத்துக்கு வந்தபின் துண்டு என்ற தாள். கங்காணியின் ஆட்கள் மேல் இவ்வளவு கடன் நிற்கிறது, அதைக் கட்டுகிறவர் ஆட்களைக் கூட்டிப்போகலாம் என்று துரை எழுதிக்கொடுப்பது. தாளில் பேசப்பட்டவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. 1921-ல் சட்டம் போட்டு அதை ஒழிக்கும்வரை அந்தத் தாள் தோட்டத்துக்குத் தோட்டம் கை மாறியது. 1865-ஆம் ஆண்டுச் சட்டப்படி முன்னறிவித்தல் கொடுக்காமல் வேலையை விட்டுப் போவது குற்றம். சிறை வரை போகலாம். அந்தச் சட்டத்தையும் லயத்தில் எவரும் படித்ததில்லை.

தொழிலாளி ஒப்பமிட வேண்டிய தாள் வந்தபோதும் அவருக்கு ஒரே வேலைதான். பெருவிரலை மையில் தோய்த்து கணக்கப்பிள்ளை காட்டிய இடத்தில் ஒற்ற வேண்டும். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள், கணக்கப்பிள்ளை முறைப்பார், அரிசி கிடைப்பது தாமதமாகும். ஒற்றிவிட்டால் அரிசி கிடைக்கும். மூன்று நான்கு தலைமுறை இப்படிப் பழகியது.

பிரஜாவுரிமைக் காலத்தில் அதே பெருவிரலுக்கு விலை ஏறியது. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. மறுவருடம் வந்த இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் விண்ணப்பிக்க இரண்டு வருட அவகாசம் கொடுத்தது. அந்தச் சட்டமே அநீதி என்று சொல்லி, விண்ணப்பிக்க வேண்டாம் என்று முதலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் கேட்டுக்கொண்டது. பிறகு நிலைப்பாட்டை மாற்றியது. பூண்டுலோயாவை ஒட்டிய மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914-ல் பிறந்து, 1947 தேர்தலில் தலவாக்கலையில் வென்று நாடாளுமன்றம் போன கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை அந்தக் காங்கிரஸின் ஏழு உறுப்பினர்களில் ஒருவர். அவகாசம் முடிவதற்குள் ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் குவிந்தன. அவற்றில் அடங்கியவர்கள் எட்டு லட்சத்துக்கும் மேல். பல வருட இழுபறிக்குப் பின் பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. படித்துப் பார்த்து நிரப்பியவருக்கும் மறுப்பு வந்தது, பிறர் நிரப்பிக் கொடுத்ததில் ஒற்றியவருக்கும் மறுப்பு வந்தது. 1964-ல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தபோது மறுபடியும் படிவம், மறுபடியும் பெருவிரல். தாளைக் கவனமாகப் படிப்பதால் பலன் உண்டு என்பதற்கு இந்த வரலாற்றில் எங்கே சான்று?

இதே மக்கள் ஒரு அறிவித்தலை மட்டும் ஒருநாளும் தவறவிட்டதில்லை. விடியுமுன் லயத்துக்கு லயம் கேட்கும் தப்புச் சத்தம். அது கேட்டால் எழும்ப வேண்டும், வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்களத்துக்குப் போக வேண்டும், போனால் அன்றைய கூலிக்குப் பேர் விழும். சாவுக்கு அடிக்கும் அடி வேறு, திருவிழாவுக்கு வேறு. எந்த அடி எதற்கு என்று குழந்தைக்கும் தெரியும். அடிப்பவரும் தெரிந்தவர். கேட்டபின் என்ன செய்ய வேண்டும் என்பதில் யாருக்கும் குழப்பமில்லை.

மண்சரிவு எச்சரிக்கை இதற்கு நேர் எதிர்.

1980-களின் பெருமழைகளில் மலைநாடு பல இடங்களில் சரிந்த பிறகு, 1984-ல் தொடங்கப்பட்ட தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அபாய வலயங்களை வரைபடமாக்கத் தொடங்கியது. இன்று அதன் எச்சரிக்கைக்கு மூன்று நிறங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் மஞ்சள், அவதானமாயிரு. 100 தாண்டினால் செம்மஞ்சள், வெளியேறத் தயாராகு. 150 தாண்டினால் சிவப்பு, வெளியேறு. விஞ்ஞானமாகப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. தென்மேற்குப் பருவமழையில் பூண்டுலோயாப் பக்கம் மஞ்சள் அடிக்கடி வரும். பெரும்பாலும் எதுவும் சரியாது. வந்து வந்து போகும் மஞ்சளுக்குக் கண் பழகிவிடும்.

சிவப்பே வந்தாலும் எங்கே வெளியேறுவது? லயமும் நிலமும் தோட்டத்துக்குச் சொந்தம். கூலிக்காரருக்கு உறுதிப் பத்திரம் கிடையாது, வேறிடத்தில் காணி கிடையாது. பள்ளிக்கூடத்திலோ கோயில் மடத்திலோ இரண்டு இரவு படுக்கலாம். மூன்றாம் நாள் மழை விட்டதும் கொழுந்து எடுக்கப் போகாவிட்டால் பேர் இல்லை. 2021-ல் ஆயிரம் ரூபாயாகவும் 2024-ல் 1,350 ரூபாயாகவும் போராடி வாங்கிய நாட்சம்பளம் அது. ஆடு, கோழி, வீட்டிலுள்ள இரண்டு பவுண், பிள்ளையின் புத்தகம் எல்லாம் லயத்தில். எச்சரிக்கையை எழுதியவரின் பொறுப்பு அதைக் கையில் கொடுத்ததோடு முடிகிறது. மிச்சமெல்லாம் வாங்கியவர் தலையில்.

பதுளை மாவட்டம் கொஸ்லந்தையில் மீரியபெத்த இதற்கு வேதனையான சாட்சி. அந்தச் சரிவு ஆபத்தானது, ஆட்களை அப்புறப்படுத்துங்கள் என்று 2005-லும் 2011-லும் அதிகாரிகள் அறிவித்திருந்தார்கள். 2014 அக்டோபர் 29 காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. ‘சொல்லியும் கேட்கவில்லையே’ என்ற பேச்சு அன்றே தொடங்கியது. கேட்டவர்கள் போக ஒரு இடம் இருந்ததா என்ற கேள்வி அதற்குப் பின்னால் மெதுவாகத்தான் வந்தது. உயிர் தப்பியவர்களுக்கு மாற்று வீடுகள் கையளிக்கப்பட இரண்டு வருடமானது. இடம் கொடுக்க முடியும் என்பது அப்போதும் தெரிந்தது. 2018-ல் டன்சினனில் இந்திய உதவியில் 404 வீடுகள் தனித்தனியாக எழுந்தபோதும் தெரிந்தது. எச்சரிக்கைத் தாளோடு ஏழு பேர்ச் காணியும் வந்திருந்தால் மீரியபெத்தவில் எத்தனை பேர் தங்கியிருப்பார்கள்? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் 600-க்கும் மேற்பட்டோரைக் கொன்று மலைநாட்டைக் கிழித்துப் போட்டபோதும் அதே கேள்விதான் எழுந்தது.

இணையம் இந்தப் பிரதேசத்துக்கு வந்த வழி விசித்திரமானது. கொத்மலை அணை 1985-ல் கட்டி முடிந்தது. நீருக்கடியில் போன ஊர்களின் மக்களையும் சுற்றியிருந்தோரையும் நினைத்து 1989-ல் கொத்மலை சமூக வானொலி தொடங்கியது. நாட்டில் இணையம் கொழும்புக்காரரின் சரக்காக இருந்த காலத்தில், 1999 வாக்கில், யுனெஸ்கோவின் ஆதரவில் அந்த வானொலிக்குள் இணையக் கணினிகள் வந்தன. கேட்பவர் கேள்வி அனுப்புவார். அறிவிப்பாளர் நேரலையில் இணையத்தில் தேடி, விஷயம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தன் மொழியில் விளக்கிச் சொல்வார். உலகமெங்கும் ஆய்வாளர்கள் வந்து பார்த்துப் போன ஏற்பாடு. திரையில் ஆங்கிலத்தில் ஏதாவது எச்சரிக்கை குதித்தால் அதைச் சமாளிப்பது அறிவிப்பாளரின் பாடு. வீட்டில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தவருக்கு அப்படியொன்று வந்ததே தெரியாது.

அந்த இடையாள் வெகுநாள் நிலைக்கவில்லை. 2005-க்குப் பிறகு நெனசல அறிவகங்கள், அப்புறம் கொமியூனிகேஷன் கடைகள், அப்புறம் ஒவ்வொருவர் கையிலும் போன். 2020-ல் பள்ளிகள் மூடிய நாட்களில் பிள்ளைகள் வட்சப்பில் பாடம் வாங்க சிக்னல் தேடி மலையேறினார்கள். இப்போது எச்சரிக்கையும் ஆளும் நேருக்கு நேர்.

எச்சரிக்கையை நேரில் பார்த்தால் என்ன நடக்கிறது என்பதை ஆய்வுகள் எண்ணிக் காட்டியிருக்கின்றன. தேவ்தத்த அகாவேயும் ஏட்ரியன் போர்ட்டர் ஃபெல்ட்டும் 2013-ல் வெளியிட்ட ஆய்வு இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகளை எடுத்துக்கொண்டது. கூகுள் குரோமில் சான்றிதழ் எச்சரிக்கை பார்த்தவர்கள் பத்தில் ஏழு முறை தாண்டிப் போனார்கள். பயர்பொக்ஸில் மூன்றில் ஒரு பங்குதான். இந்த வேறுபாட்டுக்கு எச்சரிக்கையின் அமைப்பும் ஒரு காரணம். அதே குரோமில், ‘இந்தத் தளத்தில் தீங்கான மென்பொருள் இருக்கிறது’ என்று வந்தால் பெரும்பாலோர் திரும்பிப் போனார்கள். பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் மூளையைப் படமெடுத்துப் பார்த்தவர்கள் இன்னொன்றைச் சொன்னார்கள்: அதே எச்சரிக்கையை இரண்டாம் முறை காட்டும்போதே மூளையில் பார்வையைக் கையாளும் பகுதிகளின் செயல்பாடு சட்டென்று விழுந்துவிடுகிறது. மஞ்சள் அறிவித்தலுக்குப் பழகிய கண்ணின் கதைதான்.

ஃபெல்ட்டின் குழு குரோம் எச்சரிக்கையைத் திருத்தி எழுதி, அதன் பலனை 2015-ல் ஆய்வாக வெளியிட்டது. எளிய சொற்கள், சின்ன வாக்கியம், படம் என்று எல்லாம் முயன்றார்கள். ஆபத்து என்ன என்பதை மக்களுக்குப் புரியவைப்பதில் அவர்கள் வெற்றிபெறவில்லை. அதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ‘பாதுகாப்புக்குத் திரும்பு’ என்பதைப் பளிச்சென்ற பொத்தானாக்கி, தொடர்ந்து போகும் வழியை ‘மேம்பட்டவை’ என்பதற்குள் ஒளித்ததும், ஏறத்தாழ 30 சதவீதம் அதிகம் பேர் திரும்பிப் போனார்கள். புரியாமலே போனார்கள். இதைக் கொண்டாடுவதா வேண்டாமா என்பதில் கருத்து வேறுபடலாம். கணக்கப்பிள்ளை விரலைப் பிடித்து இடம் காட்டுவதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. இந்த முறை விரல் போன இடம் நல்ல இடம், அவ்வளவுதான்.

பொய் எச்சரிக்கைகள் எங்கிருந்து வருகின்றன என்பதைக் கூகுள் 2017-ல் ஆராய்ந்தது. பெரும் பங்குக்குத் தளங்களும் பொறுப்பில்லை, திருடர்களும் பொறுப்பில்லை. பயனரின் கணினியிலும் அவர் இருக்கும் வலையமைப்பிலுமே கோளாறு. அவற்றில் முக்கியமான ஒன்று பிழையான கடிகாரம். தளத்தின் சான்றிதழ் இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்று தேதி போட்டிருக்கும். கணினியின் கடிகாரம் பத்து வருடம் பின்னால் நின்றால், இன்று கொடுத்த சான்றிதழ் இனிமேல்தான் பிறக்கப்போகிறது என்று அது நினைத்துச் சிவப்புத் திரையைக் காட்டும். வங்கித் தளமா, பரீட்சைப் பெறுபேறா என்ற பேதம் இல்லை; எல்லாம் சிவப்பு.

மலைநாட்டுக் கடைகளில் உள்ள கணினிகள் பல கொழும்பில் உழைத்து ஓய்ந்து மேலே ஏறியவை. தாய்ப்பலகையில் பொருத்திய வட்டப் பற்றரி செத்திருக்கும். மின்சாரம் இருக்கும்வரை கடிகாரம் ஓடும்; நின்றால் தொழிற்சாலையில் வைத்த தேதிக்குத் திரும்பிவிடும். 2022-ல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் அந்தக் கணினி பழைய வருடத்தில் விழித்து, நல்ல தளங்கள் அனைத்தையும் சந்தேகப்பட்டது. வரிசையில் பத்துப் பேர் நிற்கையில் கடைப்பையன் ‘மேம்பட்டவை’ அமுக்கி ‘தொடர்’ அமுக்குவான். அவன் அமுக்கியது தவறில்லை, அவன் தாண்டிய எச்சரிக்கை ஒவ்வொன்றும் பொய். அந்தப் பழக்கத்தோடு அவன் என்றாவது உண்மையான திருடனின் தளத்துக்கும் வருவான், அங்கேயும் விரல் அதே இடத்துக்குத்தான் போகும்.

குரோமின் புதிய பதிப்புகள் கடிகாரப் பிழையைத் தனியாக அடையாளம் கண்டு, தேதியைத் திருத்து என்று சொல்லி, அதற்குப் பொத்தானும் தருகின்றன. ஆனால் 2016-ல் விண்டோஸ் எக்ஸ்பியையும் 2023-ல் விண்டோஸ் ஏழையும் குரோம் கைவிட்டது. பற்றரி செத்த பழைய கணினிகளில் ஓடுவது பெரும்பாலும் அவைதான். தொழில் தெரிந்த பையன்கள் சிவப்புத் திரையைப் படிப்பதில்லை; முதலில் வலது மூலையில் தேதியைப் பார்க்கிறார்கள். பிறகு ஒரு திருப்புளியை எடுத்துப் பெட்டியைத் திறந்து, கடிகாரம் திருத்தும் கடையில்கூடக் கிடைக்கும் அந்த வட்டப் பற்றரியை மாற்றுகிறார்கள்.